உருளும் காருக்குள் ஒரு பீரங்கி

துரத்தல் காட்சி என்று ஒன்று வைத்துவிட்டால் அதன் முடிவில் ஒரு காராவது உருண்டாக வேண்டும். ஆக்‌ஷன் திரில்லர்களில் எழுதப்படாத சட்டம் இது. ஆனால் சமமான தார்ச்சாலையில், எதிலும் மோதாமல், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பி மட்டுமே ஒரு காரைக் கவிழ்த்துக் காட்டுங்கள் பார்ப்போம். அநேகமாக முடியாது.

ஒரு காரின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ., அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியில் பாதியை உயரத்தால் வகுத்தால் சுமார் 1.36. காரின் எடையைப்போல 1.36 மடங்கு விசை பக்கவாட்டில் கிடைத்தால்தான் ஒரு பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும். அந்த விசையைத் தர வேண்டியது டயரின் உராய்வு. காய்ந்த சாலையிலும் சாதாரண டயருக்கு அது எடையின் 0.8, 0.9 மடங்கைத் தாண்டுவது கடினம். ஆகவே கவிழும் கட்டம் வருமுன்பே கார் வழுக்கிக்கொண்டு போய்விடும். நிஜ விபத்துகளில் பெரும்பாலும் வழுக்கிய சக்கரம் மண்ணில் புதைந்தோ ஓரக்கல்லில் தட்டியோதான் வண்டி உருள்கிறது. உயரமான ஜீப் வகைகளுக்கு அந்த 1.36 இன்னும் குறையும். தாழ்வான பந்தயக் கார்களுக்குக் கூடும். பார்க்க அழகான கார்தான் கவிழ்க்கக் கஷ்டமானது!

இதற்கு ஸ்டன்ட் கலைஞர்கள் கண்ட வழி பீரங்கி. 1974இல் வெளிவந்த 'மெக்யூ' படத்துக்காக அமெரிக்கரான ஹால் நீதம் வெடிமருந்தை வைத்து இதைச் செய்தார். பின்னாளில் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு அந்த இடத்துக்கு வந்தது. காரின் தரைப்பகுதியைத் துளைத்து, கீழ்நோக்கி ஒரு தடித்த எஃகுக் குழாயைப் பொருத்துகிறார்கள். ஓட்டுநர் முதலில் காரைப் பக்கவாட்டில் வழுக்க விட வேண்டும். அப்புறம்தான் பொத்தான். குழாயிலிருந்து பாயும் தண்டு தரையை உதைக்க, ஒரு பக்கம் எழும்பிச் சுழற்சி தொடங்கும். பீரங்கியின் வேலை அவ்வளவுதான். மிச்ச உருளல்களுக்கான ஆற்றல் காரின் வேகத்திலேயே இருக்கிறது. வழுக்கலுக்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அடங்கிவிடக்கூடும்.

2006இல் 'கசினோ ராயல்' ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு இங்கிலாந்தின் மில்புரூக் சோதனைத் தடத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎஸ் காரைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். சாய்தளத்தில் ஏற்றியும் அது மசியவில்லை. நைட்ரஜன் பீரங்கி பொருத்தியதும் ஏழு முறை உருண்டு கின்னஸ் சாதனை ஆயிற்று. ஓட்டியவர் ஆடம் கர்லி. என்னைக் கேட்டால், படத்தின் சீட்டாட்டத்தைவிட இந்தச் சில விநாடிகளில்தான் நிஜமான சூதாட்டம் இருக்கிறது.

ஓட்டுநரைக் காப்பது உள்ளே பற்றவைத்த எஃகுக் குழாய்க் கூண்டும் பல முனைகளில் பூட்டும் இருக்கைப் பட்டையும். தீப்பிடிக்காமலிருக்க, பெரிய பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு, அந்த ஒரு ஓட்டத்துக்குப் போதுமான சிறு கலத்தை வைப்பது வழக்கம். அப்படியானால் அடுத்த ஷாட்டில் எழும் அந்த ஆரஞ்சு நெருப்புப் பந்து? அது வேறு வண்டி, ஆளில்லாதது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்காரர்கள் தனியாகப் பெட்ரோல் வைத்துக் கொளுத்துவது.