ஈரக் கணக்கு தெரியாத சாஃப்ட்வேர்

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்பதுதான். பில் போடவும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும் ஏதாவது ஒன்று ஏற்கெனவே வைத்திருப்பார்கள். நெல் உள்ளே வந்து அரிசியாக வெளியே போகும்வரை நடப்பதுதான் அதில் வராது. அந்தக் கணக்கு மேனேஜரின் ஞாபகத்திலும் ஒரு நீள நோட்டிலும் இருக்கும்.

ஊறல், அவியல், உலர்த்தல், உமி நீக்கம், தீட்டல் என்று ஒவ்வொரு படியிலும் எடை மாறுகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான குழப்பம் ஈரத்தில்தான்.

10 டன் நெல் 20 சதவீத ஈரத்தோடு வருகிறது, அதை 14 சதவீதத்துக்குக் காய வைக்கிறோம். எவ்வளவு குறையும்? ஆறு சதவீதம், அதாவது 600 கிலோ என்றுதான் பலரும் சொல்வார்கள். அது தப்பு. வந்த நெல்லில் தண்ணீரைக் கழித்தால் மீதி 8,000 கிலோ. காய்ந்த பிறகும் அது அப்படியேதான் இருக்கும், ஆனால் இப்போது மொத்த எடையில் 86 சதவீதம். ஆக மொத்த எடை 9,302 கிலோ, குறைந்தது 698 கிலோ. (ஊறலில் கொஞ்சம் கரைந்து போவது தனி.)

சாஃப்ட்வேர் போட்டவர் 20-இல் 14-ஐக் கழித்து ஃபார்முலா எழுதியிருந்தால், ஒவ்வொரு 10 டன்னுக்கும் 98 கிலோ காணோம் என்று திரை காட்டும். பழி இரவு ஷிஃப்ட் ஆள் மேல் விழும். ஓர் ஆலையில் பல வருஷமாக டிரையர் பார்த்தவர், "கம்ப்யூட்டர் சொன்னா நான் திருடனாண்ணே?" என்று முதலாளியிடம் கேட்டார். நியாயமான கேள்வி. டெமோ காட்ட வருபவரிடம் இதே எண்களைக் கொடுத்துப் பாருங்கள். 9,302 வரவில்லை என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஈரத்தை அளக்கும் விதமும் முக்கியம். டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்த நெல்லில் மீட்டர் சரியாகக் காட்டாது, ஆறவிட்டு அளக்க வேண்டும். லாரியின் மேல் மூட்டையில் மட்டும் அளந்தாலும் ஏமாற்றம்தான்.

அடுத்தது எடைமேடை. எடையைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரில் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு போர்ட் இருக்கும். அதை இணைத்துவிட்டால் எடையைக் கையால் தட்டும் வேலை போய்விடும். முழு சாஃப்ட்வேருக்குக் காசு இல்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யலாம். ஆனால் எடையை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டால் பயனில்லை. திருத்தினால் யார், எப்போது, ஏன் என்று பதிய வேண்டும். காலி வண்டி எடையையும் ஒவ்வொரு நடையும் போடுங்கள். மழைக்காலத்தில் டிராக்டர் டயரில் ஒட்டி வரும் சேற்றுக்கும் எடை உண்டு.

அரசுக்கு அரைத்துக் கொடுப்பவர்கள் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68, பச்சரிசி 67 கிலோ கொடுக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அந்த நெல்லும் சொந்த நெல்லும் ஒரே தொட்டியில் ஊறினால், அப்புறம் எந்த சாஃப்ட்வேராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் தொட்டிக்குத் தொட்டி லாட் நம்பர் கொடுங்கள். அதற்குச் சாக்பீஸ் போதும்.

சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியில் புதுசாக எதையும் தொடங்க வேண்டாம். வரத்து குறைந்த மாதங்களில் ஆட்களைப் பழக்கி, குறுவையில் நோட்டையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே ஓட்டுங்கள். அதன் பிறகும் நம்பர் போட்ட சீட்டுப் புத்தகம் எடைமேடையில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சீட்டில் எழுதியதைப் பிறகு ஏற்றும்போது, ஏற்றும் நேரத்தோடு எடை போட்ட நேரத்தையும் பதிய சாஃப்ட்வேரில் இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.