தொலைஞ்ச கார் சாவி இப்பவும் உங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணும்

கார் சாவி தொலைஞ்சு போச்சுனு போன் பண்றவங்க முதல்ல கேக்குறது "அண்ணே எவ்ளோ ஆகும்?", அடுத்தது "எப்ப வருவீங்க?". தொலைஞ்சு போன அந்த சாவி யார் கையிலயாவது கிடைச்சா என் வண்டி ஸ்டார்ட் ஆகுமானு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. சாவி கட்டிங், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம இன்ஜினை ஓட விடாத எலக்ட்ரானிக் பூட்டு) ப்ரோகிராமிங் இதுதான் என் தொழில், சென்னையில வண்டி நிக்குற இடத்துக்கே போய் பண்ணிக் கொடுக்குறோம். போன்லயே நின்னு விளக்கிட்டு இருக்க முடியல, அதான் இங்க எழுதிடலாம்னு.

பழைய அம்பாசடர், மாருதி 800 காலத்துல கதை சின்னது. பஸ் ஸ்டாண்டு ஓரமா உக்காந்திருக்குற சாவிக்காரர்ட்ட கொடுத்தா அரம் வச்சு ராவி டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள டூப்ளிகேட் கையில வந்துடும். இப்ப உங்க பாக்கெட்ல இருக்குற சாவி பாக்க ஒண்ணா இருந்தாலும் உள்ள மூணு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு இரும்பு பிளேடு, கதவு லாக்கையும் இக்னிஷனையும் திருப்புறது. ரெண்டு ரிமோட், அதாவது லாக் அன்லாக் பட்டன், இதுக்குத்தான் உள்ள பேட்டரி, நம்ம ஊர் வண்டிங்கள்ல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ்ல பேசும். மூணாவதுதான் சிப். இதுக்கு பேட்டரியே கிடையாது. சாவியை இக்னிஷன்ல விட்டதும் அந்தத் துளையைச் சுத்தி இருக்குற காயில் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு சிக்னல் விடும், அந்த சிக்னல்ல இருந்தே கரண்ட் எடுத்து சிப் முழிச்சுக்கும், வண்டி ஒரு கேள்வி கேக்கும், சிப் அதுக்குச் சரியான பதில் சொன்னாதான் இன்ஜின் ஓடும். பதில் வரலனா சில வண்டி செல்ஃப் அடிக்கும் ஆனா பிடிக்காது, சில வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல ஆஃப் ஆயிடும், மீட்டர்ல சாவி படம் போட்ட லைட்டோ பூட்டு லைட்டோ மினுக்கிட்டு நிக்கும். ரிமோட் பேட்டரி செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகுறது இதனாலதான்.

இது தெரியாம நடக்குற ஒரு கூத்தை அடிக்கடி பாக்குறேன். சாவி மேல்கூடு உடைஞ்சிருக்கும், ஆன்லைன்ல அழகா ஒரு ஃப்ளிப் கீ கேஸிங் முந்நூறு நானூறு ரூபாய்க்கு வாங்கி, வீடியோ பாத்து, பழைய கூட்டுல இருந்து ரிமோட் போர்டை எடுத்து புதுசுல வச்சு, பிளேடையும் மாத்தி, பழைய கூட்டைக் குப்பையில போட்டுடுவாங்க. ரிமோட் வேலை செய்யும், கதவு திறக்கும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. ஏன்னா நிறைய மாடல்ல சிப் அந்த போர்டுல இருக்காது, கூட்டோட ஒரு மூலையில தனியா ஒரு குழியில செருகி இருக்கும், கருப்பு கலர்ல ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம், எங்க லைன்ல கார்பன் சிப்னு சொல்வோம். பாக்குறவங்களுக்கு அது ஏதோ பிளாஸ்டிக் துண்டாதான் தெரியும். ஒரு தம்பி இப்படிக் கூட்டைப் போட்டுட்டு எனக்கு போன் பண்ணினப்ப குப்பை வண்டி தெரு முனையில நிக்குதுனான், ஓடுப்பா முதல்லனு சொன்னேன், நல்லவேளை பிடிச்சுட்டான், கூட்டைத் தட்டினதும் சிப் விழுந்துச்சு. கூடு மாத்துறீங்கனா பழைய கூட்டை ஒரு வாரமாவது வச்சிருங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்க வண்டிக்குள்ள ஒரு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் இருக்குனு வச்சுக்குங்க. எந்தெந்த சிப் நம்ம சிப்னு அதுல பதிஞ்சிருக்கும், சில கம்பெனி வண்டியில நாலு பேர் வரைக்கும் இடம் இருக்கும், சிலதுல எட்டு வரைக்கும். புது சாவி ஏத்துறதுனா அந்த ரிஜிஸ்டர்ல ஒரு பேர் சேக்குறது, அவ்ளோதான். அதனால தொலைஞ்ச சாவியோட பேர் தானா அடிபடாது. ஸ்பேர் வச்சு ஓட்டிக்கிட்டே புதுசா ஒண்ணு சேத்துக்கிட்டீங்கனா ரிஜிஸ்டர்ல இப்ப மூணு பேர், அதுல ஒருத்தன் எங்க இருக்கான்னே உங்களுக்குத் தெரியாது. சில மாடல்ல ஏத்தும்போது எல்லா சாவியையும் மறுபடி காட்டணும், காட்டாத சாவி ரிஜிஸ்டர்ல இருந்து போயிடும், அதுக்குத்தான் "வீட்ல இருக்குற எல்லா சாவியையும் எடுத்துட்டு வாங்க சார்"னு சொல்றது. ஆனா எல்லா வண்டியும் அப்படி இல்ல. அதனால வேலை முடிஞ்சதும் ஸ்கேனர்ல எத்தனை சாவி பதிவாகியிருக்குனு காட்டச் சொல்லுங்க. நிறைய வண்டியில அந்த எண்ணிக்கை ஸ்கிரீன்லயே வரும். உங்க கையில ரெண்டு, ஸ்கிரீன்ல மூணுனா வேலை இன்னும் முடியல.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. ஸ்பேர் சாவி ரெண்டு விதமா பண்ணலாம். ஒண்ணு, ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்குற ஓபிடி போர்ட்ல, அதாவது வண்டி கம்ப்யூட்டரோட பேசுற சாக்கெட்ல, டூல் சொருகி புது சிப்பைப் புதுப் பேர்ல ரிஜிஸ்டர்ல ஏத்துறது. இன்னொண்ணு க்ளோன், அதாவது உங்க சாவியில இருக்குற சிப்பைப் படிச்சு அதே மாதிரி இன்னொரு சிப் எழுதுறது. க்ளோனுக்கு வண்டியைத் தொடவே வேண்டாம், கடையில உக்காந்தே முடிச்சுடலாம், காசும் கம்மி. வண்டிக்கு அது வேற சாவினே தெரியாது, காலேஜ்ல ப்ராக்ஸி கொடுக்குறானே அதே கதை. வண்டி ஓடுறவரைக்கும் பிரச்சனை இல்ல. ஆனா ஒரிஜினல் தொலைஞ்சு க்ளோன் மட்டும் கையில இருந்தா, தொலைஞ்சதை அழிச்சா கையில இருக்குறதும் சேர்ந்து செத்துடும், ரெண்டும் ஒரே பேர்தானே. அப்புறம் வேற சிப்ல புதுசா ஏத்திட்டுத்தான் பழையதை அழிக்க முடியும், ரெட்டைச் செலவு. அதே மாதிரி யாராவது உங்க சாவியை ரெண்டு மணி நேரம் வாங்கிட்டுப் போய் க்ளோன் போட்டிருந்தா ஸ்கேனர்ல எண்ணிக்கை கூடவும் செய்யாது. ஸ்பேர் போடும்போது "க்ளோனா ப்ரோகிராமா?"னு ஒரு வார்த்தை கேளுங்க. க்ளோன் தப்புனு சொல்லல, எது உங்க கையில இருக்குனு உங்களுக்குத் தெரியணும்.

அழிச்சாச்சுனா நிம்மதியானு கேட்டா முக்கால்வாசிதான். சிப்பை அழிச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஆனா அந்த இரும்பு பிளேடு கதவைத் திறக்கும். ரிமோட்டும் சில மாடல்ல தனி மெமரி, அதைத் தனியா அழிக்கணும். சாவி தொலைஞ்ச பையில ஆர்சி காப்பி, வீட்டு அட்ரஸ் எல்லாம் சேர்ந்து போயிருந்தா டோர் லாக்கையும் கழட்டி உள்ள இருக்குற தகடுகளை மாத்திப் போட்டுக்கிறது உத்தமம்.

ஒரு சாவியாவது கையில இருக்கும்போது இந்த வேலை சுலபம். ஒண்ணுமே இல்லனா எங்க பாஷையில ஆல் கீ லாஸ்ட், அது வேற உலகம். மகாபலிபுரம் பீச்சுல ஒரு குடும்பம், அப்பா பாக்கெட்ல சாவியோட அலையில நின்னிருக்கார், சாவி போயிடுச்சு, ஸ்பேர் எங்கனு கேட்டா டேஷ்போர்டுக்குள்ள இருக்குங்குறாங்க, கார் லாக். சிரிக்கவும் முடியல. இது மாதிரி ஸ்பேரை வண்டிக்குள்ளயே வச்சிருக்குறவங்க நீங்க நினைக்கிறதை விட அதிகம். அங்க கதவைத் திறந்து கொடுத்ததோட வேலை முடிஞ்சுது. அந்த ஸ்பேர் மட்டும் வீட்லயோ எங்கயோ தொலைஞ்சிருந்தா முதல்ல லாக்கைப் படிச்சு பிளேடு கட் பண்ணணும், அப்புறம் பின் கோடு, அதாவது புது சாவி ஏத்த வண்டி கேக்குற ரகசிய நம்பர் வேணும், சில வண்டிக்கு இசியு-வையோ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பாடி கன்ட்ரோல் மாட்யூலையோ (லாக், லைட்டு மாதிரி விஷயங்களைப் பாத்துக்குற பெட்டி) கழட்டி உள்ள இருக்குற மெமரி ஐசியைப் படிக்கணும். பின் கோடு தப்புத் தப்பா அடிச்சா சில வண்டி மணிக்கணக்குல லாக் ஆகி உக்காந்துக்கும். சாதா சிப் சாவி ஸ்பேர்னா ரெண்டு மூணாயிரத்துல முடியுற இடத்துல ஆல் கீ லாஸ்ட்னா அது பல மடங்கு, பட்டன் ஸ்டார்ட் வண்டியோட ஸ்மார்ட் கீனா ஷோரூம்ல பத்தாயிரத்தைத் தாண்டுறது சகஜம், அதுவும் ஆர்டர் போட்டு சாவி வர்றவரைக்கும் காத்திருக்கணும்.

புது வண்டி வாங்கினப்ப சாவியோட ஒரு குட்டி டேக் கொடுத்திருப்பாங்க, மேல ஒரு நம்பர் இருக்கும். நிறைய பேர் அதை சாவி வளையத்துலயே மாட்டிக்கிட்டு சுத்துறாங்க, சாவி போனா அதுவும் சேர்ந்து போகும். அந்த நம்பர் இருந்தா பிளேடு கட் பண்ண லாக்கைக் கழட்ட வேண்டிய வேலையே வராது. கழட்டி வீட்ல வைங்க, ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஆனா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல புது வண்டி சாவியோட சேத்து அதைப் போடாதீங்க சாமி.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஒரு வண்டி எங்ககிட்ட ஸ்பேர் சாவிக்கு வந்துச்சு, வாங்கினவர் கொடுத்த சாவியில சிப்பே இல்ல, வெறும் இரும்பு. ஆனா வண்டி ஜம்முனு ஸ்டார்ட் ஆகுது. ஸ்டீயரிங் கீழ கவரைக் கழட்டிப் பாத்தா காயில் ஒட்டி ஒரு சிப்பை கருப்பு இன்சுலேஷன் டேப்ல சுத்தி கட்டி வச்சிருக்காங்க. முன்னாடி யாரோ சாவி தொலைச்சப்ப புது சிப் சாவி போடக் காசு போதாம, இருந்த ஒரே சிப்பை அங்கயே ஒட்டிட்டு சாதா சாவி ராவிக் கொடுத்திருக்காங்க. அப்படினா இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத மாதிரிதான், பூட்டைத் திருப்பத் தெரிஞ்ச எவனும் ஓட்டிட்டுப் போகலாம். வெளியில இருந்து ஸ்டார்ட் பண்ற ரிமோட் ஸ்டார்ட்டர், சில செக்யூரிட்டி கிட் போடுற இடத்துலயும் இதே வேலை நடக்குது. செக் பண்றது ஈஸி, சாவி தலைப் பகுதியைப் பழைய அலுமினியம் ஃபாயில்ல நல்லா சுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, சிப் சாவி வண்டி அப்பவும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடினா கவரைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வச்சிருக்குறவங்க பாதி பேருக்கு ஸ்மார்ட் கீக்குள்ள ஒரு இரும்பு சாவி ஒளிஞ்சிருக்குறதே தெரியாது. பேட்டரி தீந்துட்டா அதை உருவி கதவைத் திறந்து, ஃபோபை, அதாவது அந்த ஸ்மார்ட் கீயை, ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சு பிரேக்கை (மேனுவல் கியர் வண்டினா க்ளட்சையும்) மிதிச்சு அமுக்குங்க, பெரும்பாலான வண்டி ஓடும், உள்ள இருக்குற பேட்டரி இல்லாத சிப்பை அந்த இடத்துல படிக்கும். சில மாடல்ல அந்த இடம் கன்சோல்ல இருக்கும், மேனுவல்ல பாருங்க. சிஆர் 2032 பேட்டரிக்காக ஷோரூம் போக வேண்டியதில்ல, ஆனா உங்க ஃபோப்ல 2032-ஆ 2025-ஆ 1620-ஆனு திறந்து பாத்துட்டு வாங்குங்க. ஆன்லைன்ல யூஸ்டு ஸ்மார்ட் கீ சல்லிசா கிடைக்குதுனு மட்டும் வாங்காதீங்க, நிறைய பிராண்ட்ல ஒரு வண்டிக்கு ஏத்தின ஃபோப் அதோட லாக் ஆயிடும், அடுத்த வண்டிக்கு எடுக்காது.

வர்ற ஆள் எப்படிப்பட்டவர்னு பாக்குறதுக்கு ரெண்டு அடையாளம். ப்ரோகிராமிங் ஆரம்பிக்கும் முன்னாடி கார் பேட்டரி வோல்டேஜ் பாக்குறாரா, கம்மியா இருந்தா சார்ஜர் போடுறாரா, ஏன்னா இக்னிஷன் ஆன்லயே நிக்கும்போது வோல்டேஜ் விழுந்து பாதியில நின்னா மாட்யூலே போயிடலாம், சாவிக் காசு போய் பெரிய காசு வரும். அடுத்தது, ஆர்சியும் உங்க ஐடியும் கேக்குறாரா. சில கஸ்டமர் "என் வண்டிக்கு நான் எதுக்குங்க ப்ரூஃப் காட்டணும்"னு சூடாவாங்க. உங்ககிட்ட ஒண்ணும் கேக்காம சாவி போட்டுத் தர்றவர் நாளைக்கு உங்க வண்டி பக்கத்துல நிக்குற வேறொருத்தனுக்கும் கேக்காமதான் போட்டுக் கொடுப்பார். நான் வண்டியோட சேஸிஸ் நம்பரை ஆர்சியோட ஒத்துப் பாத்துட்டுத்தான் டூலை எடுப்பேன், கோச்சுக்கிட்டாலும் சரி.

கடைசியா இன்சூரன்ஸ். வண்டி திருடு போய் க்ளைம் போட்டா கம்பெனி ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கேக்கும். ஒண்ணுதான் இருக்குனா இன்னொண்ணு எங்க, எப்ப போச்சுனு குடைவாங்க, க்ளைம் அங்கயே சிக்கும். அதனால சாவி தொலைஞ்ச உடனே போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பதிஞ்சதுக்கான ரசீது) வாங்கிடுங்க, புது சாவி போட்ட பில்லையும் பழைய சாவியை அழிச்சதுனு அதுல ஒரு வரி எழுதி வாங்கி பாலிசியோட வைங்க. சில பாலிசியில கீ ரீப்ளேஸ்மென்ட் ஆட்-ஆன் இருக்கும், நீங்களே மறந்திருப்பீங்க, சாவி போட முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போட்டுடுங்க, வேலையை முடிச்சுட்டுக் கேட்டா தட்டிக் கழிக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அந்தத் தொலைஞ்ச சாவி ஒரு மாசம் கழிச்சு சோபா இடுக்குல கிடைக்கும், இது எங்க தொழில்ல சர்வசாதாரணம். அழிச்சாச்சேனு தூக்கிப் போட்டுடாதீங்க, பெரும்பாலான மாடல்ல அதே வண்டிக்கு அதே சாவியைத் திரும்ப ஏத்திக்கலாம், புது சாவி வாங்குற செலவு இல்ல, ப்ரோகிராமிங் கூலி மட்டும்தான்.