கேமரா எடுக்காத இருபத்தைந்து நிமிடம்

"மதியம் 3.10 முதல் 3.35 வரை எங்கே போயிருந்தீர்கள்?" எனக்குத் தெரிந்த ஜவுளிக்கடை ஒன்றில் முதலாளி தன் கணக்குப்பிள்ளையிடம் கேட்ட கேள்வி இது. கையில் ஆதாரமாக சிசிடிவி பதிவு. 3.10க்குப் பெரியவர் பேரேட்டைப் பிரித்து உட்காருகிறார். அடுத்த காட்சியிலேயே மணி 3.35, கடைப்பையன் துணிக்கட்டோடு குறுக்கே போகிறான், பெரியவர் அதே நாற்காலியில் இருக்கிறார். இடையில் எதுவும் இல்லை.

இந்த ஓட்டை எப்படி விழுகிறது? கேமரா அனுப்பும் ஒரு படத்தில் 1920-க்கு 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 3 பைட், நொடிக்கு 25 படம் என்று அப்படியே சேமித்தால் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதனால் கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் கருவியான டிவிஆருக்கு வரும் காட்சியைச் சுருக்கித்தான் வைக்கிறார்கள். முழுப் படம் எப்போதாவது ஒன்று. மற்ற நேரத்தில் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். சுவர் மாறாது, அலமாரி மாறாது. அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதுவானேன்? இப்படிச் சுருக்கினால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 ஜிபி போதும்.

அதுவும் அதிகம் என்று நினைக்கும் கடைகளில் 'அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்' என்று அமைத்துவிடுவார்கள். கருவி படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் மாறுகிறதா என்று பார்க்கிறது. போதுமான கட்டங்கள் மாறினால்தான் பதிவு தொடங்கும். அந்தப் 'போதுமான' என்பதில்தான் வம்பு. இந்தக் கடையில் மின்விசிறியின் நிழலுக்கெல்லாம் பதிவு ஓடுகிறது என்று, கேமரா மாட்ட வந்தவர் உணர்திறனைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியவரின் மேசையோ கூடத்தின் கடைக்கோடியில். அந்தத் தொலைவில் கேமராவின் பார்வை 20 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 96 பிக்சல்தான் கிடைக்கும். அவர் கை சுமார் 10 பிக்சல். பேனா ஒரே ஒரு பிக்சல். அது பேரேட்டின் மேல் எவ்வளவு ஓடினாலும் கருவிக்கு அது அசைவே இல்லை. துணி மடிப்பவர் சுறுசுறுப்பானவர், கூட்டல் போடுபவர் ஆளே இல்லை!

முதலாளி ஒன்றை யோசிக்கவில்லை. பெரியவர் எழுந்து போயிருந்தால் நாற்காலி நகர்ந்திருக்கும், முழு ஆள் கூடத்தைக் கடந்திருப்பார். குறைத்து வைத்த உணர்திறனுக்கும் அது தப்பியிருக்காது. போகும்போது ஒரு காட்சி, வரும்போது ஒரு காட்சி பதிவாகியிருக்கும். நடுவில் மின்சாரம் போயிருந்தால் கதை வேறு. அதையும் டிவிஆரின் நிகழ்வுப் பட்டியலில் தேடினோம். அன்று மதியம் கருவி ஒரு முறைகூட அணையவில்லை.