காட்டுத் தேயிலை: ‘யே ஷெங் ஹொங் சா’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

சீனாவின் யுன்னான் மாநிலத்துத் தேயிலைப் பொட்டலங்கள் சிலவற்றில் ‘யே ஷெங் ஹொங் சா’ என்று போட்டிருக்கும். ‘யே ஷெங்’ என்றால் காட்டில் தானாக வளர்ந்தது. ‘ஹொங்’ சிவப்பு, ‘சா’ தேயிலை.

ஆங்கிலத்தில் ‘பிளாக் டீ’ எனப்படுவதைத்தான் சீனர்கள் சிவப்பு என்கிறார்கள். அவர்கள் பார்த்தது கோப்பையில் இறங்கும் சாற்றின் நிறத்தை. ஆங்கிலேயர் பார்த்தது காய்ந்த இலையை. சீனத்தில் கறுப்புத் தேயிலை, அதாவது ‘ஹெய் சா’, நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கும் வேறு வகை. நம்மூரிலோ பிளாக் டீ என்றால் பால் ஊற்றாதது, அவ்வளவுதான். டீக்கடைக்காரர் பாலில் கலக்கும் தூளும் அதே பிளாக் டீதான் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சரி, ‘காட்டில் வளர்ந்தது’ என்பதற்கு வருவோம். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலை இடுப்பளவுச் செடியாக நிற்பதற்குக் கவ்வாத்துதான் காரணம். வெட்டாமல் விட்டால் அதுவும் மரமாகிவிடும். ஆகவே மரமாக இருப்பதாலேயே ஒன்று காட்டுத் தேயிலை ஆகிவிடாது. யுன்னானில் இதை மூன்றாகப் பிரிப்பார்கள். மனிதர் நட்டு, பின்னர் கவனிக்காமல் விட்ட தோட்டத்து இலை ‘யே ஃபாங்’. முன்னோர் நட்டு வளர்த்த பழைய மரங்களின் இலை ‘கு ஷு’. 2023இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜிங்மாய் மலைத் தேயிலைக் காடுகள் இந்த வகை. பார்க்கக் காடு, உண்மையில் தோட்டம். யாரும் நடாமல் முளைத்தது மட்டுமே ‘யே ஷெங்’. விற்பனையில் இந்த மூன்றையும் தாராளமாகக் குழப்புகிறார்கள். விலை அப்படி!

அசல் காட்டு மரங்களில் பல, தோட்டத் தேயிலையின் இனமே அல்ல. தோட்டத்தில் இருப்பது கமெல்லியா சைனென்சிஸ். மேற்கு யுன்னான் காடுகளில் கமெல்லியா தாலியென்சிஸ் என்ற நெருங்கிய உறவினம் உண்டு. தாலி நகரத்தின் பெயரால் வந்த பெயர். இதன் இலைமொட்டில் பூமயிர், அதாவது மெல்லிய ரோமம், அநேகமாக இருக்காது. யுன்னானின் புகழ்பெற்ற ‘தியென் ஹொங்’ தேயிலையில் மினுங்கும் பொன்னிற நுனிகள் அந்தப் பூமயிரின் வேலைதான். (ஜப்பானுடனான போர் கிழக்குச் சீனத் தேயிலை வட்டாரங்களைச் சூழ்ந்தபோது, 1930களின் இறுதியில் ஃபெங்சிங் பகுதியில் உருவானது தியென் ஹொங்.) அந்தப் பொன் இல்லாததால் காட்டுத் தேயிலை கருத்து, சுருண்டு, ஏதோ மட்டரகம் போலத் தெரியும்.

வாயில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும். நமக்குப் பழகிய டீத்தூளின் துவர்ப்பு இதில் குறைவு. முதலில் தேனும் உலர்பழமும் கலந்த இனிப்பு வாசனை, அப்புறம் பைன் மரப்பிசின் போல ஒன்று, விழுங்கிய பின் தொண்டையில் லேசான குளிர்ச்சி. சூட்டடுப்பில் உலர்த்தாமல் வெயிலில் உலர்த்தினால் மணம் தொடக்கத்தில் அடங்கியிருக்கும். சில மாதம் வைத்திருந்தால் திரண்டு வரும். பால் சேர்த்தால் இதில் ஒன்றும் மிஞ்சாது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘செந்தேயிலை’ என்றால் சீனத்துக்கு நேர்தான். ஆனால் தேயிலையே இல்லாத ரூயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் பானத்தையும் சிவப்புத் தேநீர் என்கிறார்கள், குழப்பம் வரும். ‘வனத் தேயிலை’ வனத்துறைக் கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்தது ‘காட்டுத் தேயிலை’. ஆமணக்கு வேறு, காட்டாமணக்கு வேறு செடி. இப்படி ‘காட்டு’ என்ற முன்னொட்டு, தோற்றத்தில் ஒத்த இன்னொரு இனத்தைச் சுட்டவும் தமிழில் வழக்கமாக வருவது. தாலியென்சிஸுக்கு அது கச்சிதம். பதப்படுத்திய வகையையும் குறிக்க வேண்டுமானால் ‘காட்டுக் கருந்தேயிலை’ எனலாம். கு ஷுவுக்கு ‘முதுமரத் தேயிலை’, யே ஃபாங்குக்கு ‘விடுதோட்டத் தேயிலை’. கடைசிச் சொல் கொஞ்சம் இடறுகிறது. ஆனால் அதையும் காட்டுத் தேயிலைக் கணக்கில் சேர்ப்பதைவிட இது மேல்.