‘அது என் கையெழுத்து இல்லை’: ஆவணத்தைச் சோதனைக்கு அனுப்பக் கேட்கும் உரிமை

சேலத்தில் தறிக்கோ வெள்ளிப்பட்டறைக்கோ கைமாற்று வாங்கியவர்களுக்குப் புரோநோட்டு புதிதல்ல. ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டி, அதன்மேல் படும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடிகிற நேரத்தில் அஸ்தம்பட்டி நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும்போதுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்ற யோசனையே வருகிறது.

வழக்கறிஞரிடம் போகும் முன் ஒரு கேள்விக்கு உங்களுக்குள் உண்மையான பதில் வேண்டும். கையெழுத்தே உங்களுடையது இல்லையா? அல்லது கையெழுத்து உங்களுடையது, தொகையை நிரப்பியது மட்டும் வேறொருவரா? முதலாவது என்றால் கையெழுத்துச் சோதனை உங்களுக்கு உதவும். இரண்டாவது என்றால் அதிகம் உதவாது. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர், அதை நிரப்பும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டதாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. வெற்றுக் காசோலைக்கும் ஏறக்குறைய இதே நிலைதான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘நிரப்பிய எழுத்தைச் சோதியுங்கள்’ என்று மனுப் போட்டுப் பணத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய.

உரிமை எங்கே இருக்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 39ஆம் பிரிவு நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. 72ஆம் பிரிவின்படி நீதிபதியே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இவை 45, 73. சிவில் வழக்கில் ஆவணத்தை அனுப்பக் கேட்கும் மனு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 10-அவின் கீழ் வரும். நீதிமன்றம் ஒப்புக்கொண்டால், பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர் ஆணையர் (நீதிமன்றம் இதற்கென நியமிக்கும் வழக்கறிஞர்) மூலம் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு மூல ஆவணம் போகும். செலவு பொதுவாக மனுப் போட்டவர் தலையில். குற்ற வழக்கு என்றால், மாதிரிக் கையெழுத்துக் கொடுக்கச் சொல்லி நீதித்துறை நடுவர் உத்தரவிட முடியும். அப்படிக் கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்ட விஷயம் அது.

வழக்கு நிற்பதும் விழுவதும் ஒப்பிடக் கொடுக்கும் பழைய கையெழுத்துகளில்தான். பலர் வக்காலத்திலும் (வழக்கறிஞரை அமர்த்தும் படிவம்) எதிருரையிலும் (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போட்ட கையெழுத்தைக் காட்டி ‘இதோடு ஒப்பிடுங்கள்’ என்கிறார்கள். வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கலாம் என்பதால் நீதிமன்றங்கள் அதைத் தயக்கத்தோடுதான் பார்க்கின்றன. நோட்டின் தேதியை ஒட்டிய காலத்தில், இந்தச் சண்டை மனதிலேயே இல்லாதபோது போட்டவை வேண்டும்: வங்கிக் கணக்குப் படிவம், கூட்டுறவுச் சங்கக் கடன் விண்ணப்பம், எல்ஐசி முன்மொழிவு, கிரயப் பத்திரம். உங்கள் கையில் இல்லாதவற்றை வரவழைக்க நீதிமன்றத்திடம் கேட்கலாம். முப்பது வயதுக் கையெழுத்தை, கை நடுங்கும் அறுபத்தைந்து வயதுக் கையெழுத்தோடு வைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆய்வாளர் பார்ப்பது எழுத்தின் அழகை அல்ல, ஓட்டத்தை. பழகிய கை வேகமாகப் போகும். கோடு தொடக்கத்திலும் முடிவிலும் மெலிந்திருக்கும். பார்த்து வரைகிறவனின் கோடு நடுங்கும், பாதியில் நிற்கும், நின்ற இடத்தில் மை திரளும். ‘ழ’வின் கீழ்வளைவு எங்கே திரும்புகிறது, புள்ளி எழுத்தின் நேர்மேலே விழுகிறதா, வலப்பக்கம் தள்ளி விழுகிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும். தாளின் பின்புறம் பேனா அழுத்திய தடம்கூடப் பேசும். ஜெராக்ஸில் இவை எதுவும் இருக்காது. அதனால்தான் மூல ஆவணம் கேட்கிறார்கள். மையின் வயதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேட்பது இன்னொரு வீண் வேலை. அதற்கு நம்பகமான வசதி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே மனுக்களைத் தள்ளியிருக்கிறது.

மனுவை எதிருரை போட்ட கையோடு போடுங்கள். வாதம் முடிகிற கட்டத்தில் போட்டால் இழுத்தடிக்கும் உத்தி என்றே நீதிபதிக்குத் தோன்றும், அதில் தவறும் இல்லை. அறிக்கை வந்தாலும் அது தீர்ப்பல்ல. நிபுணரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். கைரேகை அறிவியல் எட்டிய உறுதியைக் கையெழுத்து அறிவியல் எட்டவில்லை, எனவே எச்சரிக்கை தேவை என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்த வேறுபாடு சேர்வராயன் மலையில் உள்ளவர்களுக்குச் சாதகமானது. படிக்காத பெரியவர்கள் நிலத்தைக் கொடுத்ததாகக் காட்டும் பத்திரங்களில் இருப்பது கைநாட்டு, அதாவது இடது பெருவிரல் ரேகை. ரேகை தெளிவாக இருந்தால் ஒப்பீடு கையெழுத்தைவிடப் பல மடங்கு உறுதியானது. பதிவான பத்திரம் என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகைப் பதிவேட்டிலும் ஒன்று இருக்கும்; அதையும் வரவழைக்கக் கேளுங்கள். மை அப்பிய கறுப்புத் திட்டாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மலையில் வாழும் மலையாளி இனத்தவர் (கேரளத்தவர் அல்ல) பழங்குடியினர் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி அவர்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அப்படியே. சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.