காய்ச்சலுக்கு முதல் எந்த வீட்டில் நின்றீர்கள்?

ஒரு மார்கழி மாதம். பல்கலைக்கழக மாணவி ஒருவருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் எழுதிய முகவரி கிளிநொச்சி. அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போக, தாய் பதறிவிட்டார். "பிள்ளை இஞ்ச வந்து நாலு மாசம் தம்பி. அவள் திருநெல்வேலியில எல்லோ அறை எடுத்து நிக்கிறாள்!"

ஆஸ்பத்திரி அனுப்பிய நோய் அறிவித்தல் படிவம் சுற்றி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பரிசோதகரான என் கைக்கு வந்தபோது ஒன்பது நாள் போயிருந்தது. நான் போய்ப் பார்த்தால் அதே வீட்டில் இன்னும் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள். கிணற்றடியில் பாவிக்காத சீமெந்துத் தொட்டி, ஒரு சாண் மழைத்தண்ணீர், முழுக்கக் குடம்பி. முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாள் போதும். நான் படலையைத் திறக்க முதலே ஒரு தலைமுறை பறந்திருக்கும்.

அந்தப் படிவத்துக்கு எச் 544 என்று பெயர். டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி என்று சந்தேகம் வந்தாலே வைத்தியர் அதை அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புச் சட்டம் தனியார் வைத்தியரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து எங்களுக்கு வருவது குறைவு என்பது என் அனுபவம். படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வரும், நாங்கள் வீட்டுக்குப் போவோம், கிழமைக்கு ஒருமுறை கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். இவ்வளவும் நிற்பது முகவரி என்ற ஒரு வரியில். அது பிழைத்தால் நோய் ஓரிடம், புகையடிப்பு இன்னோரிடம்.

முகவரி ஏன் பிழைக்கிறது? அடையாள அட்டையைப் பார்த்து எழுதுவார்கள். அதில் இருப்பதோ இடம்பெயர முந்திய ஊர், இல்லாவிட்டால் கலியாணத்துக்கு முந்திய வீடு. சிலர் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வதும் உண்டு. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தில் வழக்குப் போடுவோம் என்ற பயம். வழக்குப் போடுகிறோம்தான், மறுக்கவில்லை. ஆனால் நோயாளி வீட்டுக்கு முதல் தரம் வருவது சுற்றியுள்ள வளவுகளையும் பார்க்கத்தான். குடம்பி பெரும்பாலும் பக்கத்து வளவில், ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிற பூட்டிய வீட்டுப் பீலியில் கிடக்கும்.

எலிக்காய்ச்சலுக்கு வீட்டு முகவரியும் காணாது. 2024 மார்கழியில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலோடு மூச்சுத்திணறி ஆட்கள் இறந்தபோது ஊரெல்லாம் 'மர்மக் காய்ச்சல்' என்றுதான் பேச்சு. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வெள்ளம் நின்ற வயலில் எலியின் சலம் கலந்த தண்ணீர், காலில் சின்னப் புண் இருந்தாலே கிருமி ஏறிவிடும். அதனால்தான் "எந்த வயலில் இறங்கினீர்கள்?" என்று துருவித் துருவிக் கேட்போம். அதே தரையில் இறங்குகிற மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்க டொக்ஸிசைக்கிளின் குளிசை கொடுக்க வேண்டும்.

மலேரியாவுக்குக் கேள்வி வேறு: அண்மையில் இந்தியாவோ ஆபிரிக்காவோ போனீர்களா? உள்ளூரிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் தந்தது. அதே ஆண்டு மன்னாரில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பைக் கண்டார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும். கிணற்றிலும் தொட்டியிலும் பெருகுகிற சாதி. கிணறு இல்லாத வளவு இங்கே எங்கே?

ஆகவே ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டால், காய்ச்சல் வருவதற்கு முந்திய இரண்டு கிழமை படுத்தெழும்பிய வீட்டைச் சொல்லுங்கள். கிராம அலுவலர் பிரிவு, ஒழுங்கை, பக்கத்திலுள்ள கோயில், தொலைபேசி எண். வேலைத்தலத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

திருநெல்வேலித் தொட்டியை அன்றே இறைத்துவிட்டோம். அடியில் ஓட்டை போடத்தான், கனடாவிலிருக்கும் வீட்டுக்காரரைப் பிடிக்க இன்னும் இரண்டு நாள் போனது.