பாதி நனைந்த மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது?

மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கும், களிமண்ணில் மெதுவாக இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். துளைகள் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருந்தால் அது சரி. ஆனால் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. துளைகளில் கொஞ்சம் தண்ணீர், மீதி காற்று. அங்கே இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

மண் காயத் தொடங்கும்போது முதலில் காலியாவது பெரிய துளைகள்தான், ஏனென்றால் தண்ணீரைப் பிடித்துவைக்கும் விசை அவற்றில் குறைவு. வேகமாகக் கடத்துபவையும் அவைதான் (குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்). மணலில் இருப்பவை பெரும்பாலும் பெரிய துளைகள் என்பதால், அவை காலியானதும் துகள்களை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே வழியாக மிஞ்சுகிறது. நெடுஞ்சாலைகளை மூடிவிட்டுச் சந்துகளை மட்டும் திறந்துவைத்த ஊர் மாதிரி. களிமண்ணில் தொடக்கத்திலிருந்தே சந்துகள்தான், அதனால் அதற்கு இழப்பு குறைவு. வழக்கமான அளவுருக்களைப் போட்டுக் கணக்கிட்டால், ஒரு மீட்டர் உறிஞ்சுவிசையில் (காயும் மண் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் விசை, அதை நீர்த்தம்பத்தின் உயரத்தால் அளப்பார்கள்) களிமண் மணலைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்துகிறது!

இதைச் சமன்பாடாக்குவது எப்படி? 1856-ல் பிரான்சின் ஹென்றி டார்சி, மணல் வழியே ஓடும் நீரின் அளவு அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று காட்டினார். அவருடைய மணல் முழுதாக நனைந்திருந்தது, எனவே கடத்துதிறன், அதாவது மண் தண்ணீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பது, ஒரு மாறிலி. 1907-ல் எட்கர் பக்கிங்ஹாம், பாதி நனைந்த மண்ணில் அது மாறிலி அல்ல, ஈரத்தைப் பொறுத்து மாறுவது என்றார். அப்புறம் 1931-ல் லொரென்சோ ரிச்சர்ட்ஸ் இதோடு, ஓரிடத்துக்குள் வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே ஈரம் கூடுவதும் குறைவதும் என்ற எளிய கணக்கைச் சேர்த்தார். அதுதான் ரிச்சர்ட்ஸ் சமன்பாடு.

பார்க்கச் சின்னது, தீர்ப்பதற்குப் பெரும்பாடு. ஈரம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் கடத்துதிறன் தெரியும், கடத்துதிறன் தெரிந்தால்தான் அடுத்த நொடி ஈரம் எவ்வளவு என்று தெரியும். இந்த உறவை எழுத 1980-ல் வான் கெனுக்டன் கொடுத்த வாய்பாடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. காய்ந்த மண்ணில் மழை இறங்கும்போது ஈரத்தின் எல்லை கத்தி வெட்டியது போல் கூர்மையாக இருப்பதால், கம்ப்யூட்டரில் மண்ணை மெல்லிய அடுக்குகளாகவும் நேரத்தைச் சின்னத் துண்டுகளாகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் விடை நிலைக்கும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். உறிஞ்சுவிசையை மட்டும் வைத்துச் சமன்பாட்டை எழுதினால் கணக்கில் தண்ணீரே காணாமல் போகும். ஈரம், உறிஞ்சுவிசை இரண்டையும் சேர்த்து எழுதினால் அது நடக்காது என்று 1990-ல் மைக்கேல் சீலியாவும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

இதன் பலனைக் குப்பைக் கிடங்குகளில் பார்க்கலாம். குப்பையை மூடும்போது நுண்ணிய மண்ணுக்கு அடியில் சரளைக்கல்லைப் பரப்புகிறார்கள். வடிகாலாக இருக்க வேண்டிய சரளை, மேல் மண் கிட்டத்தட்ட முழுதாக நனையும் வரை தண்ணீரை உள்ளே விடாது, அதனால் மழைநீர் குப்பைக்குள் இறங்காமல் மேல் மண்ணிலேயே தங்கி, செடிகள் வழியாகவும் வெயிலாலும் ஆவியாகிறது.

மண்புழுத் துளைகளும் வெடிப்புகளும் வந்துவிட்டால் ரிச்சர்ட்ஸ் சமன்பாடு மட்டும் போதாது. தண்ணீர் மண்ணை நனைக்காமலேயே அவை வழியாக நேராகக் கீழே ஓடிவிடும். அதற்காக ஒரே மண்ணை வேகமான பாதை, மெதுவான பாதை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் இடையே நீர் மாறுவதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். உரமும் பூச்சிமருந்தும் நிலத்தடி நீருக்கு எத்தனை சீக்கிரம் போய்ச் சேரும் என்பதை அந்த வேகமான பாதைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.